பிளானிங் பாயின் மலைத் திட்டம்

நாளை மாலை உலகம் அழியப்போகிறது என்று செய்தி வந்தால் ஊரே கதறும். ‘எத்தனை மணிக்கு?’ என்று மட்டும் கேட்டு, அந்த மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, யார் எப்போது குளிக்க வேண்டும், யார் எப்போது சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று சார்ட் ஒட்டக்கூடிய ஒரே மனிதர், ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்த்த பிளானிங் பாய்தான்.

அவருக்கு நல்லதாக ஒரு பெயர் உண்டு. அது சம்பள ரசீதில் மட்டும் வரும். மற்றபடி வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் பிளானிங் பாய். சரக்கு என்றைக்குக் கப்பல் ஏற வேண்டும் என்பதிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வந்து, தோல் என்றைக்கு வெட்ட வேண்டும், என்றைக்குத் தைக்க வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. வீட்டுக்குப் போனாலும் அந்த வேலை அவரை விடாது. மகள் கல்யாணத்துக்கு அவர் போட்ட சார்ட்டில் ‘மாப்பிள்ளை சிரித்தல் – ஐந்து நிமிடம்’ என்று ஒரு கட்டம் இருந்ததாக மேரிக்கா சத்தியம் செய்வார். மேரிக்கா எங்கள் தையல் லைன் சூப்பர்வைசர். எதற்கெடுத்தாலும் சத்தியம் செய்பவர்தான், ஆனால் இதை நான் நம்புகிறேன்.

இப்படிப்பட்டவரிடம் போய், ‘ஒரு ஞாயித்துக்கெழம ஏலகிரி போயி சுவாமிமலை உச்சி ஏறலாமா பாய்?’ என்று கட்டிங் செக்‌ஷன் இளவட்டங்கள் கேட்டுத் தொலைத்தார்கள். சுவாமிமலை ஒன்றும் இமயமலை இல்லை. ஏலகிரி மேலேயே வண்டியில் போய் இறங்கி, காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் உச்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முறுக்கு கடித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள். பாய் அதற்கு ஆறு வாரம் டைம் கேட்டார்.

நான் மெல்ல நழுவப் பார்த்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது தொண்ணூற்றெட்டு கிலோ. ஆபீஸ் டூர் எங்கே போனாலும் எல்லோரும் மேலே போவார்கள். நான் கீழே உட்கார்ந்து பேக்கும் செருப்பும் பார்த்துக்கொள்வேன். ஜவ்வாது மலைக்கு அருவி பார்க்கப் போனோம். நான் பார்த்தது பதினாலு ஜோடிச் செருப்பு. ‘சேகர் இருக்கான்ல, அவன் பாத்துக்குவான்’ என்பார்கள், நானும் பெரிய மனதோடு சிரித்து வைப்பேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஏதாவது ஒரு உச்சியில் நிற்க வேண்டும் என்று உள்ளுக்குள் கிடந்து தவித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆசையைச் சொல்லி அசிங்கப்படுவானேன் என்று முந்திக்கொண்டேன்.

“நான் வர்ல பாய்.”

“ஏன் வர்ல?”

“மூச்சு வாங்கும் பாய். உங்களுக்கெல்லாம் பேஜாரு.”

“எவ்ளோ வாங்கும்?”

அதுவரை யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்கே தெரியாது என்றேன். “அளந்துடலாம்” என்றார் பாய்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு வந்து நின்றார். ஒரு ஷூவைத் தைக்க ஒவ்வொரு மெஷினும் எத்தனை நொடி எடுக்கிறது என்று அளக்க அவர் வைத்திருக்கும் வாட்ச் அது. மலைக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராக, கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடித் தோல் குடோன் வரை படி ஏற வைத்தார். கட்டிங் ஆட்கள் பறந்தார்கள். மேரிக்கா முந்தானையை இழுத்துச் செருகி, ‘ஏசப்பா’ என்று ஒரே தடவை சொல்லி ஏறிவிட்டார். நான் ஏறி முடிப்பதற்குள் லஞ்ச் முடிந்து பெல் அடித்துவிட்டது. கேன்டீனே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. சிரித்த சிரிப்பு மூன்று மாடிக்கும் கேட்டது.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. “இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? லைன்ல ஒரு மெஷின் ஸ்லோவா ஓடுதுன்னு அத்த தூக்கி வெளிய போட்டுட்டா ஷூ ஆவுமா? அதோட ஸ்பீடுதான் லைன் ஸ்பீடு. அது தெரியாம டார்கெட் போட்டா, தப்பு மெஷினோடது இல்ல, பிளானிங்கோடது.”

சொல்லிவிட்டு சார்ட்டில் என் பெயரை முதலில் எழுதினார். மலையில் சேகர்தான் முன்னால் நடப்பான், அவனை ஒருவரும் முந்தக் கூடாது. “அப்போ உச்சிக்குப் போறதுக்குள்ள பொங்கல் வந்துடும் பாய்” என்றான் கட்டிங்கில் ஒருவன். “வந்தா மேலயே பொங்க வெச்சுட்டு எறங்கலாம்” என்றார்.

அடுத்து பூட்ஸ். சீமைக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் எங்கள் ஃபேக்டரியில் பாதிப் பேர் வேலைக்கு வருவது ரப்பர் செருப்பில்தான். காட்டுக்கு அது ஆகாது என்று பாய் முதலாளியிடம் பேசி, சாம்பிள் ரூமில் சும்மா கிடந்த மலையேறும் பூட்ஸ்களைக் கேட்டு வாங்கினார். சோல் ஒட்டியிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வளைத்து, இழுத்து, முகர்ந்து பார்த்துப் பாஸ் பண்ணினார். இரண்டு அட்டைப்பெட்டியில் அடைத்து, டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவில் ‘சுவாமிமலை’ என்று பெரிதாக எழுதினார். ஏறும் இடத்தில்தான் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு.

ஞாயிறு விடியற்காலை பதினோரு பேரும் வேனில் கிளம்பினோம். பிரியாணி மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் என்று சார்ட்டில் இருந்ததால் வாணியம்பாடி தாண்டும் வரை வேனுக்குள் சின்னக் கலவரம் நடந்தது. காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் வேன் நின்றது. பாய் டேப்பைக் கிழித்தார். உள்ளே பதினோரு பூட்ஸ். பதினொன்றும் வலது கால்.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாதிரி காட்ட ஒற்றைக் கால்தான் தைப்போம், அதுவும் ஒரே சைஸில். எங்கள் சாம்பிள் ரூமில் ஜோடி என்ற பேச்சே கிடையாது. இருபது வருஷமாக ஒற்றை ஷூவையே முழு ஷூவாகப் பார்த்துப் பழகிய கண் பதினொன்றையும் பாஸ் பண்ணிவிட்டது. பாயை மட்டும் சொல்வானேன்? பெட்டி கட்டும்போது நாங்களும்தான் கூட நின்றோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“எடது கால் அடுத்த ஷிப்மென்ட்டா பாய்?” என்று கேட்டார் மேரிக்கா.

பாய் பதினொன்றையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். “இருக்கறத போடுங்க. அம்பது பர்சன்ட் சேஃப்டி.”

சின்னக் கால்காரர்கள் பூட்ஸ் முனையில் பேப்பர் திணித்துக்கொண்டார்கள். வலது காலில் மலையேறும் பூட்ஸ், இடது காலில் ரப்பர் செருப்பு. ‘டக், சப், டக், சப்’ என்று பதினோரு பேர் வரிசையாகப் போவதைப் பார்த்து, விறகு சுமந்து வந்த ஓர் அம்மாள் சுமையை இறக்கியே வைத்துவிட்டார். “ஏம்ப்பா, எல்லாருக்கும் ஒரே கால்லயா அடிபட்டுச்சு?”

முன்னால் நான், கடைசியில் பாய். லைன் கடைசியில்தான் செக்கிங் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மரங்கள் நெருங்கி வெயில் குறைந்தது. பாதி தூரம் தாண்டியதும் என் நெஞ்சு, தோல் பதனிடும் ஷாப்பில் சுற்றும் டிரம் மாதிரி உருள ஆரம்பித்தது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த எல்லோரும் நின்றார்கள்.

“நீங்க போங்க. நான் இங்கியே பேக் பாத்துக்கறேன்” என்றேன்.

வரிசையின் கடைசியிலிருந்து பாய் ஒவ்வொருவராகத் தாண்டி மெதுவாக மேலே வந்தார். சட்டைப்பையிலிருந்து சார்ட்டை எடுத்து விரித்து, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“பேக் பாத்துக்கறதுக்கு இதுல ஆளே போடலியேப்பா.”

“முடியல பாய்.”

“அதான் போட்டிருக்கேனே, இதோ பாரு. ஒம்போது இருவது, சேகர் முடியலன்றான், பன்னெண்டு நிமிசம். இப்போ டைம் ஒம்போது இருவத்தஞ்சு. அஞ்சு நிமிசம் ஜாஸ்தியாவே தாங்கிட்ட நீ.”

உண்மையிலேயே நீல மையில் அப்படி எழுதியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் முடியவில்லை என்று சொல்வதற்குக்கூட ஒரு மனிதர் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருந்தார். மேரிக்கா தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பன்னிரண்டு நிமிடம் ஆனதும் எழுந்தேன். பாய் மறுபடி வரிசைக் கடைசிக்குப் போனார்.

உச்சிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். முந்தக் கூடாது என்பது விதியாயிற்றே! இளவட்டங்கள் விசிலடித்தார்கள். மேலே கோயில், காற்று, வானம். கீழே பார்க்கலாம் என்று திரும்பியபோது கண் தானாகத் தலைகளை எண்ணியது. என்னோடு சேர்த்துப் பத்து. பாயைக் காணோம்.

அப்போதுதான் உறைத்தது. பத்துப் பேரைப் படி ஏற்றி ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் தனக்குப் பிடிக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்கவில்லை. அறுபதை நெருங்கும் அந்த மனிதருக்கு எவ்வளவு மூச்சு வாங்கும் என்று சார்ட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

இளவட்டங்கள் ஓடப் பார்த்தார்கள். “இருங்கடா, நான் போறேன்” என்றேன். ஒரு திருப்பத்துக்குக் கீழே, மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னாப்பா, அதுக்குள்ள எறங்கிட்ட? எறக்கம் பதினொன்னரைக்குத்தான்.”

“தெரியும் பாய். நீங்க மெதுவா வாங்க.”

“மேல போயி நின்னியா?”

“நின்னேன் பாய்.”

“அப்போ சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பத்து நிமிடமோ இருபதோ தெரியாது. பிறகு அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டார், நின்று நின்று ஏறினோம். மேலே எங்கள் இரண்டு பேர் தலையும் தெரிந்ததும் மேரிக்கா கைதட்டியது காடு முழுக்கக் கேட்டிருக்கும்.

சுவாமிமலை உச்சியிலிருந்து பார்த்தால் என்னவெல்லாம் தெரியும் என்று இன்றும் யாராவது கேட்பார்கள். எனக்குச் சொல்லத் தெரியாது. நான் கடைசிவரை பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.