என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, மாப்பிள்ளை

காவ்யோ,
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை, கண் மருத்துவர் தாவ் கெஜியன் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் சோங் பெய்லின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி லான்யிங்கும் நலம். அங்கே நீங்களும் என் தங்கை பெய்ஜுவானும் நலமாகவே இருப்பீர்கள். சில தெருக்கள் தள்ளித்தான் இருக்கிறீர்கள் என்பதால், நலமில்லை என்றால் இந்நேரம் என் காதுக்கு வந்திருக்கும்.

என் வலது கண்ணை உடனே வந்து காட்ட வேண்டும் என்று ஆள்மேல் ஆளாகச் சொல்லி அனுப்புகிறீர்கள். நான் வரப்போவதில்லை என்று தெரிவிக்கவே இக்கடிதம். பெய்லின் வெறும் பிடிவாதக்காரன் என்று ஊரில் பேச்சு வரக் கூடாது என்பதால் காரணங்களையும் எழுதிவிடுகிறேன். இனி 'நீ' என்றே எழுதப் போகிறேன். ஒரே வகுப்பில் படித்தவனுக்கு இத்தனை 'ங்கள்' போட்டு எழுத உண்மையிலேயே கண் வலிக்கிறது.

மாவட்ட வரலாற்றுத் தொகுதியை நான் ஒருவனே பிழை திருத்துகிறேன். காலை முதல் மாலை வரை கணினித் திரையில் எறும்பு எறும்பாக எழுத்து. சாயங்காலம் கண் எரிகிறது, நெற்றி வலிக்கிறது, ஒரு வரி இரண்டாகத் தெரிகிறது, தூங்கி எழுந்தால் போய்விடுகிறது. இது களைப்பு என்று நீயே புத்தாண்டு விருந்தில் சொன்னாய். அன்று ஆவியில் வெந்த மீனை என் தங்கை மேசையில் வைத்தபோது அதன் தலை உன்னைப் பார்த்து இருந்தது. மேசையில் மூத்தவன் நான். மீன் தலை மூத்தவனைப் பார்க்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும், மீனுக்கும் தெரிந்திருக்கும். அதைப் பற்றி அன்றும் நான் பேசவில்லை, இன்றும் பேசப் போவதில்லை. நீ பாட்டுக்குச் சாப்பாட்டுக் குச்சியை என் பக்கம் நீட்டி, "மச்சான், கண்ணு களைச்சா பயப்பட வேணாம். அப்பப்ப ஜன்னலுக்கு வெளியே தூரமாப் பாருங்க, நல்லா இமை கொட்டுங்க, சரியாயிடும். ஆனா ஒரு கண்ணுல திடீர்னு மின்னல் வெட்டினா, கறுப்புப் பொட்டு பறந்தா, ஓரத்துல திரை மாதிரி விழுந்தா, அன்னைக்கே ஓடி வந்துடுங்க. வலிக்கலையேன்னு உக்காந்துடாதீங்க" என்றாய். முதல் பாதி எனக்குப் பொருந்துகிறது. இரண்டாம் பாதியைச் சொல்லும்போது நீ அந்த மீனின் கன்னத்தைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தாய், ஆகவே அதை நான் பொருட்படுத்தவில்லை.

கறுப்புப் பொட்டுகள் போன வாரம் வந்தன. கொசு என்றே நினைத்தேன். அச்சுத்தாளைச் சுருட்டி ஓங்கி அடித்தேன், அடி பக்கத்து மேசை மியாவ் மேல் விழுந்தது.

"சோங் அண்ணே, கொசு எங்க?"

"இப்ப உன் காதுகிட்ட."

"இந்தக் குளிர்லயா?"

"குளிருக்குத்தான் காதுக்குள்ள ஒதுங்கப் பாக்குது."

அவன் அன்று முழுக்க நாற்காலியைத் தள்ளிப் போட்டே உட்கார்ந்திருந்தான். மறுநாள் மின்னலும் வெட்டியது. அதற்கு வைத்தியம் எனக்குத் தெரியாதா? பள்ளியில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மூக்குத் தண்டையும் புருவத்தையும் விரலால் அழுத்துவோமே, அந்தக் கண் பயிற்சிதான். யார் கண்ணைத் திறக்கிறான் என்று பிடிக்க ஆசிரியை உன்னைக் கண்காணிப்பாளனாகப் போட்டாள், நீ கரும்பலகையில் என் பெயரை எழுதினாய். நான் திறக்கவில்லை. காற்றில் இமை ஆடியது. நாற்பது ஆண்டாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பார் இல்லை, அப்புறம் என் தங்கையையும் உனக்கே கட்டிக் கொடுத்தார்கள்.

போகட்டும். கைபேசியில் அந்தப் பழைய பாட்டைத் தேடிப் பிடித்து அலுவலகத்தில் போட்டேன். அறையில் இருந்த நம் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் பேனாவைக் கீழே வைத்துக் கண்ணை மூடி அழுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து இயக்குநர் ஹோ தலைநகரிலிருந்து வந்த விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாராம். எங்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டு முடிந்து விழித்துப் பார்த்தால் விருந்தாளிகள் சுவரோரமாக நிற்கிறார்கள், இயக்குநர் வாசற்படியிலேயே கண்ணை மூடிப் புருவத்தை அழுத்திக்கொண்டிருக்கிறார். நான் கூடுதல் பலனுக்காக விழியையும் சேர்த்து நன்றாக அமுக்கினேன். மின்னல் இரட்டிப்பானது. மருந்து உள்ளே இறங்கி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டேன்.

நேற்று மியாவ் மகளின் கல்யாணம். ஓட்டலில் ஒரே மாடியில் இரண்டு கல்யாணம், வாசலுக்கு வாசல் பெயர்ப் பலகை. லான்யிங் வழியெல்லாம் உன் புராணம் பாடிக்கொண்டு வந்தவள், படியேறியதும், "கண்ணுக்கு ஒண்ணுமில்லைன்னா நல்ல கண்ணைப் பொத்திக்கிட்டு மண்டபத்தைக் கண்டுபிடிச்சு வாங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள். பொத்திக்கொண்டேன். கண்டுபிடித்தேன். உட்கார்ந்தேன். வாத்து நன்றாக இருந்தது. எழுந்து மணமக்களை வாழ்த்திக் கோப்பையைத் தூக்கி நாலு வார்த்தை பேசினேன், கைதட்டினார்கள். பெண்ணின் அம்மா பக்கத்தில் வந்தாள்.

"நீங்க யாருன்னு தெரியலையே?"

"பொண்ணோட அப்பாவும் நானும் ஒரே அறையில வேலை பாக்கறோம்."

"அவரு கப்பல்ல இல்ல இருக்காரு?"

"கரைக்கு வர்றப்பச் சொல்றேன்."

அதற்குள் லான்யிங் வந்து கையைப் பிடித்து அடுத்த மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "பலகையில என்ன தெரிஞ்சுது?" என்றாள். மேலே இருந்த வாழ்த்து தெரிந்தது என்றேன். "கீழே பேரு இருந்துச்சே?" கீழே கறுப்பாகத் தொங்கியது, கல்யாணத் திரைச்சீலை என்று நினைத்தேன் என்றேன். அவள் அதற்கப்புறம் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றபடி, "படிக்கறதைத் தவிர உங்களுக்கு வேற என்ன தெரியும்? அதுவும் போயிட்டா நாள் பூரா என்ன பண்ணுவீங்க?" என்றாள். பதில் சொல்லலாம் என்று இரவு முழுக்க யோசித்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, இது வெறும் களைப்பு. ஓய்வு எடுக்கிறேன், தூரமாகப் பார்க்கிறேன், இமை கொட்டுகிறேன். அப்படியும் ஏதாவது இருந்தால், தொகுதி அச்சுக்குப் போன பிறகு, எனக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊராகப் பார்த்து அங்கே ஒரு மருத்துவரிடம் காட்டிக்கொள்வேன். உன் நாற்காலியில் உட்கார்ந்து, நீ "மேலே பாருங்க, கீழே பாருங்க" என்று ஏவ, நான் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. இதுவே என் முடிவு.

பெய்ஜுவானுக்கு என் ஆசிகள். உன் மகனுக்குப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் கிடைக்கட்டும், குணம் தாய்மாமனைப் போல அமையட்டும். உன் வீட்டில் அரிசியும் உப்பு வாத்துமுட்டையும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தெளிவான பார்வையுடன்,
சோங் பெய்லின்

பின்குறிப்பு: உறைக்காக இடது கையை நீட்டித் துழாவும்போது, வலப்பக்கத்திலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அங்கே யாரும் இல்லை. தலையை முழுக்கத் திருப்பிய பிறகுதான் பெய்ஜுவான் என் தோளை ஒட்டி நிற்பது தெரிந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கறே?" என்றேன்.

"'மதிப்பிற்குரிய மாப்பிள்ளை'யில இருந்து, அண்ணா."

கீழே கார் காத்திருக்கிறது. கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். இதை அப்புறம் படித்துக்கொள், முதலில் கண்ணைப் பார்.