நீல்ஸ் தம்பி வீட்டு வேப்பிலை

ஏணியோட கடைசிப் படியில நின்னுக்கிட்டு, வாசல் நிலைக்கு மேல மூணாவது வேப்பிலைக் கொத்தைக் கட்டிக்கிட்டு இருந்தான் நீல்ஸ். அப்பத்தான் பால் ஊத்துற பொன்னுத்தாயி வந்தா. அண்ணாந்து பாத்தா. கையில இருந்த அளவுச்செம்பு நழுவித் தெருவுல உருண்டு ஓடுச்சு.

"ஆத்தாடி! யாருக்குத் தம்பி?"

"எல்லாருக்கும், சகோதரியே!" நீல்ஸ் ஏணி மேல இருந்தே ரெண்டு கையையும் விரிச்சான். ஏணி ஆடுச்சு. "இந்த வாசலில் பிரவேசிக்கும் சகல ஜனங்களுக்கும்!"

"சகல ஜனங்களுக்குமா!"

பொன்னுத்தாயி செம்பைக்கூட எடுக்கல. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அவ ஓடுன ஓட்டத்துல, பின்னாலயே வந்த கன்னுக்குட்டி மெரண்டு போயி வேற தெருவுக்குள்ள திரும்பிருச்சு.

நீல்ஸுக்குச் சந்தோசம் தாங்கல. ஊருக்கெல்லாம் சொல்ல ஓடுறா பாரு! இதுக்குத்தானே கட்டுனது!

நீல்ஸுக்கு வயசு பத்தொம்பது. டென்மார்க்குல மீன்பிடிக்கிற வீட்டுல ஆறாவது புள்ள. அங்க சாப்பாட்டு மேசைக்கு அவன் வரலைங்கிறதையே பாத்திரம் கழுவும்போதுதான் கண்டுபிடிப்பாக. வேத ஊழியத்துக்குன்னு கப்பல் ஏறி, காரைக்குடியில செக்காலைக்குப் பின்னால இந்தச் சின்னத் தெருவுக்கு வந்து சேந்தான். அறுபத்தேழாம் வருசம். இங்க அவன் சைக்கிள் மணி கேட்டாப் போதும், வாசலுக்கு வாசல் கூப்பிடுவாக.

"தம்பி, சாப்ட்டீகளா?"

"தம்பி, வெயில்ல அலையாதீக!"

"தம்பி, இங்குட்டு வந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போங்க!"

பைபிள்ல படிச்ச தமிழ்லதான் பதில் சொல்லுவான். "நான் போஜனம் பண்ணித் திருப்தியடைந்தேன், அம்மாளே!" தெருவே வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். எதுக்குன்னு தெரியாமலே அவனும் சேந்து சிரிப்பான். பொறந்ததுல இருந்து அவனை இத்தன பேரு கூப்பிட்டதே இல்ல.

ஆனா சாயங்காலச் செபக் கூட்டத்துக்குன்னு ஒருத்தரும் வரமாட்டாக. அவன் வீட்டு ஹாலுல கெடந்த பெஞ்சுகள்ல உக்காந்த ஒரே மனுசன் சமையக்கார உபகாரசாமி. அவரும் ரோமன் கத்தோலிக்கு. "சோறாக்குறதுல சபை பேதம் கெடையாது தம்பி. உக்காருறேன். ஆனா பாட்டுப் பாட மாட்டேன்"னு மொதல் நாளே கறாராச் சொல்லிட்டாரு.

இப்ப தலைக்கு மேல கத்தி தொங்குது. சனிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு மிசன் மேலதிகாரி ஹோல்ம் ஐயா ஜீப்புல வாராரு. ஹாலு நெறஞ்சிருந்தா நீல்ஸ் இங்கயே இருக்கலாம். காலியாக் கெடந்தா டிரங்குப் பெட்டியோட ஜீப்புல ஏறணும், அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிறணும்.

நீல்ஸ் வீடு வீடா ஏறி எறங்குனான். ஒளிக்கத் தெரியாத பய. "நீங்கள் வராவிட்டால் நான் இந்தத் தேசத்திலிருந்து துரத்தப்படுவேன்"னு உள்ளதச் சொல்லிட்டான். எதுத்த வீட்டுத் தேனம்மை ஆச்சி மோரக் கையில குடுத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாக.

"எங்க வீட்டு ஆம்பளைக விடமாட்டாகளேப்பா."

எல்லா வீட்டுலயும் மோரு. எல்லா வீட்டுலயும் அதே பதிலு.

வயிறு பூரா மோரோடயும் மனசு பூராப் பயத்தோடயும் வியாழக்கிழம திரும்பி வந்தப்பத்தான் செக்காலை ரோட்டுல ஒரு வீட்டப் பாத்தான். வாசல்ல பச்சைப் பசேல்னு வேப்பிலைக் கொத்து. உள்ள இருந்து பொம்பளைக பாடுற சத்தம். ரோட்டுல போறவக வாரவக எல்லாம் நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டுப் போனாக. நீல்ஸ் சைக்கிள நிறுத்திட்டான். அவன் ஊருல கிறிஸ்மஸுக்கு வாசல்ல பச்சை எலை கட்டித்தான் விருந்தாளிகளக் கூப்பிடுவாக. அட, இங்கயும் அதே வழக்கந்தானா! எலை கட்டாமக் கூப்பிட்டா எந்தக் கௌரவமான மனுசன் வருவான்?

வீட்டுக்குப் பின்னால வேப்பமரம். மறுநா விடிஞ்சதும் ஏணி. அம்புட்டுத்தான் கதை.

வெள்ளிக்கிழம பத்து மணி இருக்கும். சனங்க அவன் வீட்டுப் பக்கமா நடக்காம எதுத்த ஓரமாவே ஒதுங்கி ஒதுங்கிப் போனாக. போறவக எல்லாம் கும்பிட்டுட்டுப் போனாக. அவனும் திருப்பிக் கும்பிட்டான். கொஞ்ச நேரத்துல கேட்டுக்கு வெளிய எளநி வந்துச்சு. நுங்கு வந்துச்சு. ஒரு பானை மோரும் வந்துச்சு. வச்சவக ஒருத்தரும் நிக்கல, வச்சதும் ஓடிட்டாக.

"காணிக்கை!" நீல்ஸ் துள்ளிக் குதிச்சான். "கூட்டத்துக்கு முன்னமே காணிக்கை!"

அக்கா மகளுக்குக் கோயில்ல புதுநன்மை குடுக்குற விசேசத்துக்கு ஒக்கூர் போயிருந்த உபகாரசாமி மத்தியானம் திரும்பி வந்தாரு. கேட்டுக்கிட்டயே நின்னுட்டாரு. பை கீழ விழுந்துச்சு.

"மாதாவே! தம்பி, யாருக்கு அம்மை?"

"அம்மை என்றால் என்ன, உபகாரசாமி?"

"ஒடம்பு பூராக் கொப்புளம் போடுமே, அந்தச் சீக்கு! மாரியாத்தா இந்த வீட்டுல எறங்கியிருக்கா, ஒருத்தரும் உள்ள வராதீகன்னு சொல்றதுக்கு இந்த எலையத்தான் கட்டுவாக!"

நீல்ஸ் மொகம் வெளிறிப் போச்சு. "ஒருத்தரும் வரமாட்டார்களா?"

"ஈ காக்கா வராது."

"நான் மூன்று கொத்துக் கட்டினேனே!"

"அதான் பாத்தேன். இந்த வீட்டுல இருக்கிறதே நீங்களும் நானும். மூணாவது ஆளு யாருன்னு இந்நேரம் ஊரே பேசிக்கிட்டிருக்கும்!"

நீல்ஸ் ஏணிகூட எடுக்கல. எகிறிக் குதிச்சு மூணு கொத்தையும் பிச்சு எறிஞ்சான். தெரு நடுவுல போயி நின்னான்.

"ஜனங்களே! நான் வியாதியஸ்தன் அல்ல! நான் சுத்தமுள்ளவன்! என் தேகத்தைப் பாருங்கள்!"

சட்டைப் பொத்தானைக் கழத்திக் காட்டுனான். சித்திர வெயிலு அந்த வெள்ளத் தோல்ல செஞ்ச வேல அப்பத்தான் தெருவுக்கே தெரிஞ்சுச்சு. கழுத்துல இருந்து தொப்புள் வரைக்கும் செக்கச் செவேல்னு வேர்க்குரு.

டமார் டமார்னு கதவுகளச் சாத்துனாக.

மாடி சன்னல்ல தேனம்மை ஆச்சி தல மட்டும் தெரிஞ்சுச்சு. "அடப் பாவி! தண்ணி ஊத்தாம எலைய எறக்கலாமா? ஆத்தா கோவிச்சுக்குவா! உள்ள போயிப் படுப்பா!"

"அம்மாளே, நான் படுக்கலாகாது! நாளைக்கு ஜீப் வருகிறது!"

"தெரியும்! படு!"

சனிக்கிழம விடிஞ்சு கதவத் தொறந்தா, வாசல் பூரா வேப்பிலை. நிலையில, சன்னல்ல, கேட்டுல, சைக்கிள் ஆண்டில்ல.

"உபகாரசாமி! ஏன் இப்படிச் செய்தீர்?"

"மாதா சத்தியமா நான் இல்ல தம்பி."

"அப்படியானால் யார்?"

உபகாரசாமி வானத்தப் பாத்தாரு. சிலுவை போட்டுக்கிட்டாரு. "நம்ம சபையில இதுக்குப் பதில் இல்ல. ஒங்க சபையில இருக்கா?"

ரெண்டு பேருமாச் சேந்து எல்லாத்தையும் பிச்சாக. கெணத்தடியில கைகால் கழுவிட்டு வந்து பாத்தா, மறுபடியும் வேப்பிலை! இந்தத் தடவ மஞ்சக் குங்குமமும் சேந்து வந்திருந்துச்சு.

நீல்ஸுக்கு இது பேய் வேலையான்னு சந்தேகம். இருந்தாலும் விடல. நாற்காலியத் தூக்கிக் கேட்டு முன்னால போட்டுக் காவலுக்கு உக்காந்துட்டான். எவன் வந்து கட்டுறான்னு பாத்துருவோம்!

உச்சி வெயிலு. ராத்திரி பூராப் பயத்துல தூங்காத கண்ணு. சொக்கிப் போச்சு.

முழிச்சுப் பாத்தா, தலையில வேப்பிலை. ரெண்டு தோள்லயும் வேப்பிலை. மணிக்கட்டுல மஞ்சக் கயிறு. மடியில ஒரு நுங்கு. வெயிலு பட்டு மொகம் வேகவச்ச நண்டு மாதிரி செவந்து கெடந்துச்சு. தெருவுல ஒரு சீவன் இல்ல. எல்லாச் சன்னலும் சாத்தியிருக்கு. ஆனா எல்லாச் சன்னலுக்கும் பின்னால வளையல் சத்தம்.

"உபகாரசாமி! என்னை இரட்சியும்!"

உபகாரசாமி தலையச் சொறிஞ்சு யோசன பண்ணுனாரு. "ஒரே வழிதான் தம்பி. அம்மை கொறஞ்சாத் தலைக்குத் தண்ணி ஊத்துவாக. ஊத்தி முடிச்சா எலைய எறக்கலாம், சனங்களும் வரலாம். ஊரறிய ஒங்களுக்குத் தண்ணி ஊத்திருவோம். அஞ்சு மணிக்குள்ள காஞ்சிருவீக."

"அது விக்கிரக ஆராதனை அல்லவா?"

"வெறும் குளியலு தம்பி. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட குளியலு. டென்மார்க்குல குளிக்க மாட்டீகளா?"

நீல்ஸ் கண்ண மூடி ஒரு செபத்தச் சொன்னான். அப்புறம் மாடி சன்னலப் பாத்துக் கத்துனான். "அம்மாளே! நான் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுகிறேன்!"

இதுக்குன்னே காத்திருந்த மாதிரி ஆச்சி வீட்டுக் கதவு தொறந்துச்சு. அண்டா நெறையா மஞ்சத் தண்ணி வந்து எறங்குச்சு. கரைச்சது மஞ்சளா பெயிண்டான்னு தெரியல, அம்புட்டுக் கெட்டி. தெருவுப் பொம்பளைக எட்ட நின்னு குலவை போட்டாக. உபகாரசாமி செம்பு செம்பா மோந்து ஊத்துனாரு. சட்ட மஞ்சளாச்சு. மயிரு மஞ்சளாச்சு. பூனைக் கண்ணு மட்டும் நீலமா முழிச்சுச்சு.

கடைசிச் செம்பு தலைக்கு மேல இருக்கையில, தெரு முக்குல ஜீப் ஆரன் கேட்டுச்சு.

ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துட்டாரு ஹோல்ம் ஐயா.

ஜீப் கேட்டு வரைக்கும் வரல. பொன்னுத்தாயி நடுரோட்டுல நெடுஞ்சாண்கிடையா விழுந்து மறிச்சுட்டா. "ஐயா! அங்குட்டுப் போகாதீக! தம்பிக்கு ஆத்தா எறங்கியிருக்கா!"

ஆச்சி வாயில முந்தானைய வச்சுக்கிட்டு அழுதாக. "நேத்தெல்லாம் ஒரே பெனாத்தல்தான் ஐயா! தெருவுல நின்னு சட்டையக் கழத்துறான்!"

ஹோல்ம் ஐயா தமிழ்நாட்டுக்கு வந்து நாப்பது வருசம். சொந்தப் பாசையே பாதி மறந்து போன மனுசன். வேப்பிலையப் பாத்தாரு. மஞ்சத்தண்ணி சொட்டச் சொட்ட நின்ன நீல்ஸப் பாத்தாரு. கைக்குட்டைய எடுத்து மூக்க மூடிக்கிட்டாரு.

"நீல்ஸ், எத்தன நாளா?"

"ஐயா, எனக்கு ஒன்றுமில்லை! நான் ஆரோக்கியமாய் இருக்கிறேன்!" பச்சத்தண்ணியில நனஞ்சதும் பயமும் சேந்து அவனுக்குப் பல்லு கிடுகிடுன்னு அடிச்சுச்சு. "இந்த இலைகளை நானே கட்டினேன்! அதாவது முதல் மூன்றை மாத்திரம்!"

"காய்ச்சல் முத்திப் போச்சு"ன்னாரு ஹோல்ம் ஐயா.

டிரைவர் கருத்தையா ஸ்டியரிங்க விட்டுக் கையெடுத்துட்டாரு. "ஐயா, நான் புள்ளகுட்டிக்காரன். இவரை ஏத்துனீகன்னா நான் எறங்கி நடந்தே போயிருவேன்."

"யாரு ஏத்துறா? அம்மை போட்ட ஆளக் கப்பல்ல சேத்துக்கவும் மாட்டான்." ஹோல்ம் ஐயா எட்டி நின்னே ஆசீர்வாதம் பண்ணுனாரு. "அம்மை வந்த வீட்டுக்குக் கூட்டம் எப்பிடிடா வரும்? ஒன்மேல தப்பு இல்ல. நீ இங்கயே இருந்து ஒடம்பத் தேத்து. அடுத்த வருசம் வந்து பாக்கேன். கருத்தையா, ரிவர்ஸ் எடு!"

ஜீப் புழுதியக் கெளப்பிக்கிட்டுப் பின்னாலயே போயி முக்குல மறைஞ்சுச்சு.

நீல்ஸ் அப்பிடியே மண்ணுல மண்டி போட்டான். சிரிக்கிறானா அழுகுறானா அவனுக்கே தெரியல. இங்கயே இருக்கலாம்! ஒரு வருசம் பூரா! மறு நிமிசம் மனசு குத்துச்சு. பாவம், இந்தச் சனங்கள இப்பிடிப் பயங்காட்டிட்டமே.

பொன்னுத்தாயி எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு நேரா அவன்கிட்ட வந்தா. ஒட்டி நின்னு, அவன் தலையில ஒட்டியிருந்த வேப்பிலைய ஒண்ணொண்ணாப் பிச்சு எடுத்தா.

"சகோதரியே, நான் பாவி," அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "எனக்கு அம்மை இல்லை. அறியாமல் இலை கட்டி உங்களையெல்லாம் வஞ்சித்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்."

பொன்னுத்தாயி எதுத்த வீட்டு வாசலத் திரும்பிப் பாத்தா. ஆச்சி முந்தானைய எடுத்தாக. முந்தானைக்குப் பின்னால அழுகையக் காணோம்.

"ஒங்களுக்கு அம்மை இல்லைன்னு நேத்தே தெரியும் தம்பி, கூட்டத்துல போயி உக்காரக் கூடாதுன்னுதான எங்க ஆம்பளைக சொன்னாக, வேப்பிலை கட்டக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"