ஜெனரல் அண்ணை ஆற்றைக் கடந்த கதை

இங்கிலாந்து அரசரை, அவருடைய தலைநகரில் இருந்துகொண்டே, ஒவ்வொரு நாளும் காலைத் தேநீருக்கு முன்னால் தோற்கடித்த ஒரே மனிதர் எங்கள் ஜெனரல் அண்ணைதான். தோற்கடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெற்றோல் ஷெட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அந்தத் தலைநகரின் ஓரத்தில், மிச்சம் என்ற ஊரில் ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். சண்டைக்குத் தப்பி மிஞ்சி வந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. வீட்டில் குளியலறை ஒன்று, சமையலறை ஒன்று, ஜெனரல் ஒன்று.

ஆங்கிலம் படிக்க வேண்டுமென்று அண்ணை மோர்டனில் ஒரு தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனையில் அட்டை கிழிந்த தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். வேறு யாராவது வாங்கியிருந்தால் சமையல் புத்தகம் அகப்பட்டிருக்கும். அண்ணைக்கு அகப்பட்டது, அந்தக் காலத்து இங்கிலாந்து அரசரின் படையைத் தோற்கடித்த அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியின் வரலாறு. ஒரு டொலர் நோட்டில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருப்பாரே, அவர்தான். அண்ணை அதை அகராதியோடு கரைத்துக் குடித்தார். விளைவு என்னவென்றால், இருநூறு வருஷத்துக்கு முந்திய ஆங்கிலம் அவர் வாயில் குடிவந்துவிட்டது. பக்கத்து ஊருக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம், "கனம் பொருந்திய ஐயா, தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியனுக்கு ரூட்டிங்குக்கு ஒரு ரிக்கெற் தந்தருள்க" என்று ஆங்கிலத்தில் கேட்பார். கண்டக்டர் இந்த ஆள் தன்னை நக்கல் அடிக்கிறாரா, இல்லை அரச குடும்பத்து ஆளா என்று தெரியாமல் முழிப்பார்.

ஜனாதிபதியின் பெயரை அண்ணை ஒருநாளும் சொன்னதில்லை. "பெரிய ஆக்களின்ரை பேரைச் சொல்லக்கூடாது. ஜெனரல் எண்டால் காணும்" என்பார். சுவாமிப் படங்களுக்கு நடுவில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் இடையில், ஒரு டொலர் நோட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வந்துபோகிறவர்கள், இந்த வீட்டுக்காரர்கள் லட்சுமி வழியாகச் சுற்றி வளைக்காமல் காசுக்கே நேராகக் கற்பூரம் காட்டுகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அண்ணைக்கு ஜெனரலின் அந்தப் போரில் 'அவர்கள்' என்றே ஆட்கள் கிடையாது. எல்லாம் 'நாங்கள்'தான். ஜெனரலின் சிப்பாய்கள் 'எங்கட பெடியள்'. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பெடியள் என்றால் இளந்தாரிகள் மட்டுமல்ல, துவக்குத் தூக்கி இயக்கத்துக்குப் போனவர்களுக்கும் அதுதான் பெயர். வீட்டுக்குப் புதிதாக வந்த ஒருவன், "எங்கட பெடியள் நியூயோர்க்கை விட்டிட்டுப் பின்வாங்கிட்டாங்கள்" என்று அண்ணை பெருமூச்சு விடுவதைக் கேட்டு, "ஐயோ, அங்கையும் போயிட்டாங்களோ?" என்று நெஞ்சில் கை வைத்தான்.

குளிர்காலத்தில் ஹீட்டர் பழுதாகிப்போனால் மற்றவர்கள் வீட்டுக்காரனைத் திட்டுவார்கள். அண்ணைக்கு அது திருவிழா.

"பெடியள் காலில சப்பாத்தில்லாமல், பனிக்குள்ள முழு மாரியும் கிடந்தவங்கள். ஜெனரலும் கூடவே கிடந்தவர். உனக்கு ஹீட்டர் கேக்குதோ?"

"அண்ணை, அவங்களுக்கு நாடு கிடைச்சுது. எனக்குச் சளியும் தடிமனும்தான் கிடைக்கும்."

"முதல் தடிமன், பிறகு நாடு. அவசரப்படாதை."

சண்டை சச்சரவு என்று வந்தால் பின்வாங்குவதுதான் அவருடைய வழி. "ஜெனரல் வெண்ட சண்டையை விடத் தோத்த சண்டை கூட. ஆனா ஆமியைப் பிடிக்கக் குடுக்கேல்லை" என்பார். சட்டி கழுவும் முறை அவருக்கு வந்தால் ஆமி மாடிக்குப் பின்வாங்கிவிடும். ஆனால் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அடுத்த நாள் விடியற்காலையில், நாங்கள் எல்லோரும் முதல் நாள் கொண்டாட்டத்தில் அடித்துப் போட்டதுபோல் கிடக்கும்போது, தனி ஆளாக இறங்கிக் குளியலறையைக் கைப்பற்றுவார். சுடுதண்ணீர் முழுவதும் தீர்ந்த பிறகுதான் கதவு திறக்கும். "நத்தார் இரவுதான் ஜெனரல் வள்ளத்தில ஆத்தைக் கடந்தவர். நத்தாரோடை எதிரி அசந்திருப்பான். அதுதான் போர்முறை" என்று துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு விளக்கம் வேறு.

அரசியலிலும் அவர் ஜெனரலின் வழிதான். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒருமுறை தலைவர் தெரிவில் அடிதடியாகி, இரண்டு பக்கமும் சம்மதித்த ஒரே ஆளாக அண்ணை போட்டியின்றித் தலைவரானார். அடுத்த வருஷமும் அவரே. மூன்றாம் முறையும் எல்லோரும் கை உயர்த்தியபோது எழுந்து, "ரெண்டு தரம் காணும். ஜெனரலும் ரெண்டோடைதான் விட்டவர்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு இறங்கினார். மண்டபம் ஆடிப்போய்விட்டது. சங்கத் தலைவர் பதவியைத் தானாக விட்ட மனிதனை எங்கள் சனம் அதுவரை கண்டதில்லை. "இதுக்குள்ள ஏதோ கள்ளம் இருக்கு" என்று பொருளாளர் ஒரு மாதம் நித்திரையில்லாமல் யோசித்தார். அன்று அண்ணை ஆற்றிய பிரியாவிடை உரை எவ்வளவு நீளம் என்றால், மண்டபக் காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தும் முடியவில்லை.

இப்படியெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான், வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய அகதி வழக்குக்கு நேர்முக விசாரணை வந்தது.

நான் அப்போது ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞன். விசாரணைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். மூலையில் இருந்து குறிப்பு எடுக்கலாம், வாய் திறக்கக்கூடாது என்பது சட்டம். முதல் நாளே அண்ணையைப் பிடித்து வைத்துச் சொன்னேன்.

"அண்ணை, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ஜெனரல் வேண்டாம்."

"ஓம் ஓம். நான் என்ன விசரனே?"

ஆனால் பயம் வந்தால் அவருக்கு ஜெனரல் வருவார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுத்துவிட்டால் விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். போய் இறங்கினால் அங்கே என்ன காத்திருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தச் சிறிய அறையில் அண்ணை கதிரையின் நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஒரு நரைத்த வெள்ளைக்காரர். அண்ணையின் இருநூறு வருஷத்து ஆங்கிலத்தை நம்பாமல் நாங்கள் கேட்டு வாங்கிய மொழிபெயர்ப்பாளர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். ஊரை விட்டு எப்படி வெளிக்கிட்டீர்கள் என்பது கேள்வி.

"பின்வாங்கினது ஐயா" என்று தொடங்கினார் அண்ணை. "பின்வாங்கிறதெண்டால் சும்மா இல்லை. ஜெனரல் முதல் எங்களைப் பின்வாங்கச் சொன்னவர். பிறகு நத்தார் இரவு, பனிக்குள்ள, வள்ளத்தில ஆத்தைக் கடந்தனாங்கள். விடிய எதிரி அசந்து கிடக்கேக்கை பெடியள் சுத்தி வளைச்சிட்டாங்கள்."

"பெடியள்னா... பசங்கதானே சார்?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ஓம், பசங்கள்தான். எங்கட பசங்கள்."

எங்கள் வழக்குகளைப் பார்த்துப் பார்த்து அந்த அதிகாரிக்கும் ஆங்கிலத்தில் வந்த அந்தப் 'பசங்கள்' இயக்கக்காரர்தான் என்று தெரிந்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெனரலின் பெயர் என்ன என்று கேட்டார்.

"பேர் சொல்ல மாட்டன் ஐயா."

"பெயரைச் சொல்ல மறுக்கிறார்" என்று ஆங்கிலத்தில் போனது. அதிகாரியின் பேனா பறந்தது. எத்தனை பேரைப் பிடித்தீர்கள்?

"ஆயிரத்துக்குக் கிட்ட. எங்கட பக்கம் சேதம் கொஞ்சம்தான்."

மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அதை மொழிபெயர்த்தார். நான் மூலையில் இருந்து இருமினேன், கதிரையை இழுத்தேன், பேனாவைக் கீழே போட்டேன். அண்ணை என்னைப் பார்த்து, 'நல்லாப் போகுது' என்பதுபோல் தலையசைத்தார்.

முடிவில் அதிகாரி எழுதிய தாள்களைத் தள்ளிவைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அண்ணை பேனாவை எடுத்தார். தாளில் வைத்தார். பிறகு பேனாவை மூடிவிட்டார்.

"தமிழில வாசியுங்கோ. ஒவ்வொரு வரியா."

"எல்லாம் நீங்க சொன்னதுதான் சார்."

"ஜெனரலும் அப்பிடித்தான் நினைச்சவர்" என்றார் அண்ணை. "இருபத்திரண்டு வயசில, கொட்டுற மழைக்குள்ள, பிரெஞ்சுக்காரனிட்டைக் கோட்டையைக் குடுக்கேக்கை ஒரு கடுதாசியில கையெழுத்து வைச்சவர். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. முந்தி ஒரு பிரெஞ்சு அதிகாரி செத்த கதை அதில இருந்தது. கூட நிண்ட மொழிபெயர்ப்பாளன் 'செத்தது' எண்டு வாசிச்சான். கடுதாசியில இருந்தது 'கொலை செய்தது' எண்டு! ஒரு சொல்லால மனுசன் உலகத்துக்கே கொலைகாரன் ஆனவர். நான் கேக்காமல் வைக்க மாட்டன்."

கோயம்புத்தூர்க்காரருக்கு முகம் சிவந்தாலும் வாசித்தார். தான் பசங்களோடு ஆற்றைக் கடந்து, ஜெனரல் ஒருவரின் கட்டளைப்படி இராணுவ முகாமைத் தாக்கி, ஆயிரம் பேரைச் சிறைப்பிடித்ததைத் தன் காதால் கேட்டதும் அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"ஐயோ! நான் எங்கை சண்டை பிடிச்சனான்? எனக்குச் சீனவெடிக்கே பயம்!"

"அப்ப யாரு சார் புடிச்சது? எந்த ஆர்மியை?"

"வேறை எந்த ஆமி? இந்த ஐயாவின்ரை ஆமிதான்!"

அதிகாரியைக் கையால் காட்டிச் சொல்லிவிட்டு, துணைக்கென்று கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த டொலர் நோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதிகாரிக்கு முன்னால் வைத்தார்.

"சார், சார்! பணத்தை உள்ள வைங்க சார்!" என்று மொழிபெயர்ப்பாளர் பாய்ந்தார். அரச அதிகாரிக்குப் பட்டப்பகலில், சாட்சிகளோடு, ஒரு டொலர் லஞ்சம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இவர்தான் ஜெனரல்" என்றார் அண்ணை.

கண்ணைத் திறந்தேன். அதிகாரி நோட்டைப் பார்த்தார், தான் எழுதியதைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் எங்களைத் தோற்கடித்தது நீங்கள்தானா?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. மன்னிக்கோணும்."

அப்பாடா! அன்று நான் விட்ட மூச்சை அடுத்த அறையில் இருந்தவர்களும் கேட்டிருப்பார்கள்.

அதிகாரி அந்த வரிகளை எல்லாம் வெட்டினார். புதிய தாள் எடுத்தார். "இனி ஜெனரலை விடுங்கள். உங்களுக்கு என்ன நடந்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அண்ணை டொலர் நோட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, "பருத்தித்துறைப் பக்கம் சைக்கிள் கடை வைச்சிருந்தனான். நான் சாமான் வாங்கப் போன நேரம் ஷெல் விழுந்தது. கடையில என்ரை தம்பி நிண்டவன். திரும்பி வர ஒண்டும் இல்லை. வெளிக்கிட்டு வந்திட்டன்" என்றார்.

அவ்வளவுதான். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும், அவருக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. நத்தார் ஆற்றையும் பனியையும் அவர் ஏன் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போது விளங்கியது. மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தி மொழிபெயர்த்தார். நான் குறிப்பு எடுக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை முடிவு வந்தது. அண்ணை உறையை உடைக்காமல் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, சமையலறைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தமிழில வாசி. ஒவ்வொரு வரியா."

வாசித்தேன். அண்ணை இந்த நாட்டிலேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தது. வீடு முழுக்கக் கூச்சல். ஒருவன் சட்டியைத் தட்டினான், ஒருவன் அண்ணையைத் தூக்கப் பார்த்துத் தோற்றான். அண்ணை மட்டும் அசையவில்லை.

"இன்னொருக்கா வாசி தம்பி."

வாசித்தேன். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடி மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

"இன்னொருக்கா."

மற்றவர்கள் தேநீர் போடப் போய்விட்டார்கள். அதே பக்கத்தை அன்று எத்தனை தரம் வாசித்தேன் என்று ஞாபகமில்லை. ஒருதரமும் அலுக்கவில்லை. அவர் போதும் என்று சொல்லாமல் இருந்திருந்தால், இன்றைக்கும் வாசித்துக்கொண்டுதான் இருப்பேன்.