பத்தாம் கட்டையில் ஒரு சாமி

தன் கையால் ஒரு சாமியை நட்டுவிட்டு, அதே சாமியோடு ஐந்து மாதம் சண்டை போட்டவர் இந்தத் தீவில் ஒருவர்தான். அவர் கட்டை அண்ணன். மைல்கல்லைக் கட்டை என்போம் இல்லையா, அவருக்கு எல்லாமே கட்டைக் கணக்கு. "தங்கச்சியை எங்கே கட்டிக் கொடுத்திருக்கீங்க?" என்றால் "ஏழாம் கட்டை" என்பார். "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்றால் "ஏழரைக் கட்டையில" என்பார்.

சிராங்கூன் சாலையிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வழியாக உட்லண்ட்ஸ் கரைவரை, தார் ரோடு வருமுன் மாட்டுவண்டி ஓட்டித் தடம் போட்டவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர். அவர்களுக்கு எங்கேயும் ஓர் அடையாளம் இல்லையே என்பது அண்ணனின் தீராத குறை. ஐம்பதுகளின் கடைசியில் தானே ஒரு கருங்கல்லை வாங்கி "வண்டிக்காரர் பாதை" என்று செதுக்கினார். பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கிறவன் என்று, தடம் போட்ட ஆண்டைக் கேட்டு என்னிடம் வந்தார்.

"ஆதாரம் இல்லாம சொல்ல மாட்டேன், அண்ணே."

"உத்தேசமா சொல்லுங்க லா!"

"உத்தேசத்தைக் கல்லுல வெட்டக் கூடாது."

ஆண்டுக்கு இடம் விட்டு, பத்தாம் கட்டையில் கல்லை நட்டார். அன்று செவ்வாய்; என் நாட்குறிப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் கல்லில் மஞ்சள், குங்குமம், எதிரே உடைத்த தேங்காய். எழுத்தைக் காணோம்.

கோயில் வாசலை மிதிக்காத கொள்கைக்காரர் அண்ணன். வாளியும் நாருமாகத் தேய்த்தார். "அம்மா, இது சாமி இல்லே! சரித்திரம்!"

பக்கத்தில் நின்ற பூக்காரம்மா அசரவில்லை. "இருக்கட்டும் அண்ணே. சரித்திரத்துக்கும் ஒரு முழம் வைக்கிறேன்."

வாராவாரம் அண்ணன் கழுவினார், ஊர்க்காரர்கள் பூசினார்கள்.

ஐந்தாம் மாதம் சாலையை அகலப்படுத்த ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று சேதி. இருவரும் பஸ் பிடித்து ஓடினோம். கடப்பாரையோடு நின்ற மேஸ்திரி தமிழர்.

"அண்ணே, இது சாமியா, வெறும் கல்லா? சாமின்னா கை வைக்க மாட்டேன். மேலே நான் சொல்லிக்கிறேன்."

ஐந்து மாதமாக "சாமி இல்லே" என்று ஊருக்கே கத்திய அண்ணன் என்னைப் பார்த்தார். எதற்கும் ஆதாரம் கேட்கிற நான் வானத்தைப் பார்த்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றினார். பூக்காரம்மாவிடம் கற்பூரம் வாங்கி ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாத்தா, காப்பாத்து" என்று அவர் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

சாலை அந்த இடத்தில் மூன்றடி ஒதுங்கிப் போனது.

அண்ணன் இப்போது இல்லை. ஆண்டுக்கு விட்ட இடம் இன்னும் காலி, தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் போய், எழுத்து தெரியும்படி கல்லைக் கழுவி, ஒரு முழம் பூவும் வைத்துவிட்டு வருகிறேன்.