சர்க்கரையில் சீனியர்

சுரங்கத்தை மூடியும் கோலார் தங்கவயலில் மூட முடியாத ஓர் இனம் இருக்கிறது: சர்க்கரையில் சீனியர்கள். காலையில் சர்ச் மதில் ஓரமாகக் கூடுவார்கள். சுகம் விசாரிக்க மாட்டார்கள், அளவு விசாரிப்பார்கள். நூற்றைம்பது என்று சொன்னவரை, "இன்னும் டிரெய்னிங்ல கீற பா" என்று ஓரங்கட்டுவார்கள். மாத்திரையிலிருந்து ஊசிக்குப் போனவருக்குப் பிரமோஷன். கால்விரல் ஒன்றைப் பறிகொடுத்தவரோ, ஐயா, அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர் உட்காரலாம்!

என் சின்னம்மா மருமகளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் எட்மண்ட். இந்த வரிசையில் இருபத்தாறு வருஷ சர்வீஸ், அளவு முந்நூற்றெண்பது. அவர் அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இருந்தது, அத்தை பிள்ளைகள் நாலு பேரில் மூவருக்கு இருக்கிறது. இல்லாத நாலாமவரை அவர் சொந்தமென்றே சேர்ப்பதில்லை.

அவருடைய நாய் டெய்சிக்கு வயது ஒன்பது. டாக்டர் அவருக்கு விலக்கிய பன், கேக், பாயசத்தின் அடி எல்லாம் அதன் தட்டுக்குப் போயின. இந்தக் கோடையில் அது தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. எங்கள் சுரங்க லைன் வீடுகளுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்று தெரிந்தும் குடித்தது. குடித்தது, போனது, மறுபடி குடித்தது. போன இடத்தில் எறும்பு மொய்த்தது. தின்றதில் குறைவில்லை, ஆனால் முதுகெலும்பு தெரிந்தது.

பக்கத்து வீட்டுச் சம்பங்கி சொன்னாள்: "அண்ணா, நாய்க்கு சுகர் கீதோ இன்னாவோ. டாக்டருகிட்ட காட்டுங்க."

எட்மண்டுக்கு வந்ததே சிரிப்பு! "இன்னா சம்பங்கி, சுகர்னா சும்மாவா? இருபத்திரண்டு வருஷம் கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்கி, நைட் ஷிப்ட் பார்த்து வாங்கினது நானு. இது கேட்டைத் தாண்டி ஒரு நாள் கொலைச்சிருக்குமா?"

"உங்க சுகரை யாரும் புடுங்கிக்கல. நாயைப் பாருங்க" என்றாள் அவர் மனைவி ஜெயசீலி.

பார்த்தார். தண்ணீர்ச் சட்டியை எடுத்து அலமாரி மேல் வைத்தார். "குடிச்சாதானே போவும்?" இருபத்தாறு வருஷ அனுபவம் அல்லவா?

மறுநாள் டெய்சி வாந்தியெடுத்தது. பன்னை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்கடுத்த காலையில் எழுந்திருக்கவே இல்லை. மூச்சு மட்டும் வேகவேகமாக, அழுகிய பழ வாசனையோடு வந்தது. ஜெயசீலி அதைப் போர்வையில் சுற்றி மடியில் போட்டுக்கொள்ள, ஆட்டோ பங்காருபேட்டைக்குப் பறந்தது.

மாட்டு டாக்டர் மமதா கேட்டார்: "எவ்ளோ நாளா தண்ணி ஜாஸ்தி குடிக்குது?"

"எனக்கா டாக்டர்? தொண்ணூத்தொம்பதுல..."

"உங்களைக் கேக்கல, அங்கிள்."

டெய்சியின் காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார். மெஷினில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. "ரத்தமே புளிச்ச மாதிரி ஆயிடுச்சு. தண்ணிய வேற நிறுத்தியிருக்கீங்க! போன வாரமே வந்திருந்தா ஊசி எழுதிக் குடுத்து அனுப்பியிருப்பேன். இப்ப டிரிப் போட்டுப் பார்க்கலாம். பொழைக்கும்னு சொல்ல முடியாது."

"எண்ணே வரலியா டாக்டர்?" என்றார் எட்மண்ட். அந்தக் குரலில் பாதி பயம். மீதியைப் பொறாமை என்று சொன்னால் எனக்குப் பாவம்.

மூன்று நாள் அந்த மாட்டாஸ்பத்திரிக் கொட்டகை வாசலிலேயே கிடந்தார், தன் மாத்திரையைக்கூட மறந்து. மூன்றாம் நாள் டெய்சி தலையைத் தூக்கியபோது, இரண்டு கையாலும் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்தார். அது குடித்து முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை. இப்போது அதற்குத் தினம் இரண்டு ஊசி, கண்ணும் மங்கிவிட்டது.

திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? மதிலோரம் போய் உட்கார்ந்ததும் சொன்னார்: "எங்க டெய்சிகிட்ட மெஷினே தோத்துப்போச்சு பா!"

சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் முந்நூற்றெண்பது என்று படித்ததும் உங்கள் அளவை மனசுக்குள் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லையே? பார்த்திருந்தால் கொஞ்சம் எழுந்து போங்கள். உங்கள் வீட்டு வாயில்லா ஜீவன் இன்று எத்தனை தரம் தண்ணீருக்குப் போயிற்று என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.