மூத்த மாமன் வேலைக்கு ஆள் தேவை

ராஜபாளையத்தில் ரெக்ரூட் அண்ணாச்சியின் கண்ணில் பட்டுவிட்டு, வேலையில்லாமல் வீடு திரும்பிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது. எண்பதுகளில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த நூல் மில்லுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. தேவதானம், கான்சாபுரம் என்று சைக்கிளில் போவார்; ஆட்களோடு பஸ்ஸில் திரும்புவார். சைக்கிளை ஓட்டிவர அங்கேயே ஒருத்தரை ரெக்ரூட் செய்திருப்பார்.

இளவயதில் பட்டாளத்தில் சேரப் போய், நெஞ்சு அகலம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது அந்த ஒரு இங்கிலீஷ் சொல்லை மட்டும்தான். ஊரில் யாருக்காவது மாப்பிள்ளை தேடினால் ரெக்ரூட். எலிக்காகப் பூனை வளர்த்தால் அதுவும் ரெக்ரூட். பாடை தூக்க நாலு பேரைச் சேர்ப்பதும் ரெக்ரூட்தான். தமக்கு ஒரு பெண் தேடிக்கொள்ள மட்டும் மறந்துவிட்டார்.

"ஆளைக் கூப்பிடுறதுதான அண்ணாச்சி? அதுக்கு எதுக்கு இங்கிலீசு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏலே, கூப்பிட்டா வருவான், சாப்பிடுவான், போயிருவான். ரெக்ரூட்டு பண்ணுனா ஒரு பதவி குடுத்தாகணும். பதவி இருக்கவன் கடைசிப் பந்தி வரைக்கும் கை நனைக்க மாட்டான். வெளங்குச்சா?"

எங்கள் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் பாக்கியம் அக்கா இருந்தார். வேறு சாதியில் கட்டிக்கொண்டதால் பிறந்த வீடு அவரைத் தலைமுழுகிவிட்டது. புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. ஒரே குறை, தாய்மாமன். அவர் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறை ஏறுவது அங்கே வழக்கமில்லை. அழைக்கப் போன அக்காவின் முகத்திலேயே அவர் தம்பி கதவைச் சாத்திவிட்டார்.

"சபையில எம்பிள்ள நாதியத்து நிக்கப்போவுதே" என்று மில் வாசலில் அக்கா அழுதார்.

"சாத்துனா சாத்திட்டுப் போறான். மாமனை நான் ரெக்ரூட்டு பண்ணுதேன்" என்றார் அண்ணாச்சி.

டீக்கடை பெஞ்சில் தேர்வு நடந்தது. மீசை பார்த்தார், குரல் பார்த்தார். "எங்க, மருமகளை நெனச்சுக் கண் கலங்கு பாப்பம்" என்றார். மில்லில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர் முத்து அழுத அழுகையில் டீ மாஸ்டரும் சேர்ந்து அழுதார். சபையில் பிள்ளைக்கு ஆள் பலம் தெரியட்டும் என்று ஐந்து பேரை எடுத்தார்; மீசை இல்லாத நானும் தேறினேன். அவ்வளவு ஆள் பஞ்சம்.

கல்யாணத்தன்று ஐந்து மாமன்கள் ஆளுக்கொரு மாலையோடு மண்டபத்துக்குள் நுழைந்தோம். வினையும் கூடவே நுழைந்தது. "நீதான் மூத்த மாமன்" என்று எங்கள் ஒவ்வொருவர் காதிலும் அண்ணாச்சி தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்தார். சின்னப் பதவி என்றால் வராமல் போய்விடுவோமோ என்று அவருக்குப் பயம்.

"மாமன் மாலையக் கொண்டாங்கோ" என்றார் ஐயர். ஐந்து பேரும் எழுந்தோம்.

"ஏலே ஒதுங்கு. நாந்தான் மூத்தவன்."

"நீயா? ஒனக்கு நேத்துத்தான மீசை மொளச்சுச்சு!"

தள்ளுமுள்ளில் நான்கு மாலைகள் பிய்ந்து தரையெல்லாம் பூ. பாக்கியம் அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்தார்.

"இதுல பொண்ணுக்கு மாமன் யாரு?"

அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஒருத்தனும் இல்ல மொதலாளி. கூடப்பெறந்தவன் வர மாட்டேன்னுட்டான். அம்புட்டுப் பேரையும் நாந்தான் ரெக்ரூட்டு பண்ணுனேன். தப்பு என்னோடது. பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதிய."

"கூலிக்கா வந்தாக?"

"இல்ல. லீவு போட்டுட்டு வந்துருக்கானுக."

பிய்ந்த மாலைகளையும் எங்கள் கசங்கிய சட்டைகளையும் மாப்பிள்ளையின் அப்பா மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"மாலைக்கு இப்பிடி அடிச்சுக்கிட்டா சொந்தக்காரந்தான், வேற யாரு? எங்க வீட்டு விசேசத்துலயும் இதான நடக்குது! முகூர்த்தம் போகுது, யாராச்சும் ஒருத்தர் மாலையக் குடுங்க."

யார் என்பதைச் செல்வியே முடிவு செய்தாள். பிய்யாமல் மிச்சமிருந்த ஒரு மாலையை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினாள்.

"மாமா, நீங்க குடுங்க."

"நானா? நான் ஆள் பிடிக்கிறவந்தான தாயி."

"எனக்கு மூத்த மாமன் நீங்கதான்."

அவரை அதுவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. கண் கலங்கச் சொல்லி அவருக்கு யாரும் பரீட்சை வைக்க வேண்டியிருக்கவில்லை. அன்று கடைசிப் பந்தி எழுந்த பிறகும் அவர் சாப்பிடவில்லை. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் செல்வியின் பிள்ளைகள் இரண்டுக்கும் அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். பாடை தூக்க யாரும் யாரையும் ரெக்ரூட் செய்ய வேண்டியிருக்கவில்லை. நாலு பேர் போதும் என்ற இடத்தில் ஐந்து மாமன்களும் நின்று, நான்தான் முன்னால் பிடிப்பேன் என்று அழுதுகொண்டே அடித்துக்கொண்டோம்.