என் அப்பா ஐடியலிஸ்டிக்

மல்காஜ்கிரி,
ஞாயிறு இரவு, பிப்ரவரி 2009

'வாரம் ஒரு சொல்' பகுதியின் ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்ஷதா வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் கையெழுத்து கோணலாக இருக்கும். தாளின் மறுபக்கத்தைத் தயவுசெய்து பார்க்க வேண்டாம். அது அப்பா கம்பெனியின் விடுப்பு விண்ணப்பம். எங்கள் வீட்டில் வேறு தாள் கிடையாது.

சென்ற வாரம் பத்திரிகையில் ஆங்கிலம் பழக நீங்கள் கொடுத்த சொல் 'ஐடியலிஸ்டிக்'. கொள்கைப் பிடிப்புள்ள, லட்சிய நோக்குடைய என்று பொருள் போட்டு, அன்றாட வாழ்க்கையில் பயன்படுத்த மூன்று வாக்கியங்களும் கொடுத்திருந்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'கூச்சப்படாதீர்கள், வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேசிப் பழகுங்கள், யாரைச் சொல்கிறீர்களோ அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கட்டம் கட்டி வேறு போட்டீர்கள். நான் அப்படியே செய்தேன்.

என் அப்பா தேவராஜ், ஹைடெக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நிர்வாகப் பிரிவு சூப்பர்வைசர். நாற்காலி, பேனா, டீத்தூள் எல்லாம் அவர் பொறுப்பு. இந்த வருடம் ஊர் முழுக்க ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அப்பா கம்பெனியில் யாரை அனுப்புவது என்ற பட்டியல், சென்னையிலிருந்து புதிதாக வந்திருக்கும் அனுபமா மேடம் கையில் இருக்கிறது. இந்தத் தெலுங்கு ஊரில் நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்காமல் தவிக்கிறார் என்று தெரிந்து, அப்பா அவரை நேற்று மாலை டிபனுக்கு அழைத்திருந்தார். அம்மா காலையிலிருந்து அடை மாவு அரைத்தார். மேடமும் இரண்டு அடை சாப்பிட்டு, அம்மாவிடம், "ஜலஜா, எங்க வீட்டுல சாப்பிட்ட மாதிரியே இருக்கு" என்றார். அங்கேயே எல்லாம் முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் காலனியில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி இங்கிலீஷ் பேசச் சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள்.

"எங்க பாப்பா இங்கிலீஷ்ல பிச்சு உதறுவா மேடம். அக்ஷதா, ரெண்டு வார்த்தை பேசும்மா" என்றார் அப்பா.

"அட, பேசு கண்ணா, கேக்கலாம்" என்றார் மேடம்.

நான் உங்கள் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். "மை ஃபாதர் இஸ் ஐடியலிஸ்டிக். ஹி டஸ் நாட் பிரிங் ஹோம் ஈவன் எ பின் ஃப்ரம் ஹிஸ் ஆஃபீஸ்." அலுவலகத்திலிருந்து ஒரு குண்டூசிகூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார் என்று அப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

மேடம் அப்போது கம்பெனியின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் பெயர் போட்ட கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் தொங்கியது கம்பெனி ஆண்டுவிழாத் துணிப் பேனரை வெட்டித் தைத்த திரை. அதில் 'ஆறாம் ஆண்டு வி' வரைக்கும் படிக்கலாம். மீதி சமையலறையில் இருக்கிறது. மேடம் கோப்பையைத் திருப்பிப் பார்த்தார். அம்மா ஓடிவந்து, "சூடு ஆறிடுச்சு மேடம், குடுங்க" என்று அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போய், வேறு கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்தார். அதிலும் கம்பெனியின் பெயர்தான்.

"வெரி குட். அடுத்தது?" என்றார் மேடம். சிரிக்கவில்லை.

"போதும்மா, உள்ள போய்ப் படி" என்றார் அப்பா. ஆனால் எனக்கு நடுவில் நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும். அப்பாவைப் பார்த்தே இரண்டாவதையும் சொன்னேன். "டோன்ட் பி ஸோ ஐடியலிஸ்டிக், சார். எவ்ரிபடி டஸ் இட்." ரொம்பக் கொள்கை பார்க்காதீர்கள் சார், எல்லாரும் செய்வதுதான் என்று பொருள். மேடத்தைப் பார்த்து மூன்றாவது. "வி நீட் ஐடியலிஸ்டிக் ஆஃபீசர்ஸ் லைக் யூ டு பனிஷ் தி கில்ட்டி." உங்களைப் போன்ற அதிகாரிகள்தான் குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டும்! ஐயா, இதெல்லாம் எந்த வீட்டில் அன்றாடம் பேசுகிற வாக்கியம்?

மேடம் கை கழுவினார். போகும்போது, "தேவராஜ், திங்கக்கிழமை பத்து மணிக்கு என் ரூமுக்கு வாங்க. கதவ சாத்திட்டுப் பேசணும்" என்றார். கார் தெருமுனை திரும்பும்வரை அப்பா கையாட்டினார். பிறகு உள்ளே வந்தார்.

"யார்டி உனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது?"

"நாக்குல சனி. தெலுங்குல ஒரு பாட்டுப் பாடியிருக்கக் கூடாதா?" என்றார் அம்மா.

"வேலை போச்சுன்னா ஸ்கூலும் போச்சு. பாத்திரம் தேய்க்கத்தான் போகணும் நீ, தெரியுதா?" என்றார் அப்பா.

உங்கள் பெயரை நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இன்று காலை அப்பா சாமான்களையெல்லாம் திருப்பி வைத்துவிடலாம் என்று நாற்காலி, பஞ்சு மூட்டை இருக்கை, பதினொரு கோப்பை, இரண்டு குடை எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போனார். என்னையும் கோப்பைகளைப் பிடித்துக்கொள்ள அழைத்துப் போனார். வாசலில் செக்யூரிட்டி மறித்தான். "பாஹர் லேஜானா தோ லேஜாவ் சார். அந்தர் லானே கு பாஸ் ஹோனா." வெளியே கொண்டுபோவதற்கு ஒன்றும் வேண்டாமாம், உள்ளே கொண்டுவரத்தான் பாஸ் வேண்டுமாம். "அரே பாய், இது இங்க இருந்து போன சாமான்தான்" என்றார் அப்பா. "கப் கயா சார்?" என்று அவன் நோட்டைத் திறந்தான். எப்போது போனது என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம். அப்பா ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். வீட்டுவாசலில் நாற்காலியை இறக்கும்போது எதிர்வீட்டு ரோஸ்லின் ஆன்ட்டி, "புதுசா? ஆஃபர்ல வந்துச்சா?" என்று கேட்டார்.

நாளை பத்து மணியை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். ஏனென்றால் மற்ற இரண்டையும்தான் நான் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். முதல் வாக்கியத்தை நம்பித்தான் சொன்னேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தச் சாமான்களோடுதான் இருக்கிறேன். எல்லார் வீட்டுக் கோப்பையிலும் ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும் என்றே நினைத்திருந்தேன். மேடம் கோப்பையைத் திருப்பியபோதுதான் நானும் முதல்முறையாக வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அதற்கு நீங்கள் என்ன திருத்தம் போட முடியும்? இருந்தாலும் போடுங்கள். மருந்துப் பாட்டிலில் போடுகிறார்களே, அதுபோல, 'வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்த பிறகே பயன்படுத்தவும்' என்று போடுங்கள்.

சிறியவள் ஏதேனும் பிழையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று முடிக்கப் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். பொறுத்தருள வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் வாசகி,
தே. அக்ஷதா

பி.கு.: திங்கள் மாலை. திருத்தம் போட வேண்டாம். மேடம் கதவைச் சாத்திவிட்டு அப்பாவிடம், "மூணாவது மாடி கான்ஃபரன்ஸ் ரூம்ல அந்தத் தேக்கு டேபிள் சும்மாதானே கிடக்கு? என் ஃப்ளாட்டுக்கு எப்படி எடுத்துட்டுப் போறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றாராம். பட்டியலில் அப்பா பெயர் இல்லை. அம்மா கேசரி செய்தார். அப்பா என் தலையைத் தடவி, "நீ பேசினதாலதான்டா எல்லாம்" என்றார். நான் கேசரி சாப்பிடவில்லை. டேபிள் வியாழக்கிழமை போகிறது. மேடம் வீட்டுக்கு நானும் வந்து, எல்லார் முன்னாலும் இங்கிலீஷ் பேச வேண்டுமாம். ஆகவே புதன்கிழமைக்குள் வேறு ஒரு சொல் அனுப்பி உதவவும். கூடுமானவரை அர்த்தமில்லாத சொல்லாக இருக்கட்டும்.